இழுப்பறையில் இருந்த டோக்கன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். மாதம் பிறந்தால் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது நாங்கள் கொடுக்கும் தொகைகளில் பிடித்த வருமான வரியை, செலுத்த வேண்டும்; 11ஆம் தேதிக்குள் விற்பனை பில்களின் விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கின் சுருக்கமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாக வேண்டும். என்னுடன் நான்கு பேர் வேலை பார்த்தும், அந்த நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு என் அறையில் மட்டுமே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகவே நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் அவர்கள் முடித்து அனுப்பும் ஒவ்வொன்றையும் முதல் பில்லிலிருந்து மறுபடி சரிபார்ப்பேன்.

அந்தப் பழக்கத்தின் விளைவு எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் காட்டி, "இதைக் கவனிக்கலையாம்மா?" என்று உதவியாளரிடம் கேட்டேன். "நீங்க எப்படியும் ஒரு தடவை பார்ப்பீங்கல்ல சார்" என்றார். அவர் குரலில் அலட்சியம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் நடப்பதை உள்ளபடி சொன்னார், அவ்வளவுதான்.

தாக்கலுக்குத் தேவையான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், என் மின்னணுக் கையெழுத்து அடங்கிய பென்டிரைவ் போன்ற கருவி, என் மேசை இழுப்பறையில், என் சாவிக்குள் இருந்தது. அதை அந்த உதவியாளரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவது எளிது. பல அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது என் கையெழுத்து. அதை இன்னொருவர் போடுவது முறையல்ல என்பதோடு, போடுபவருக்கும் அது தன் பொறுப்பாகத் தோன்றாது. எனவே நிர்வாகத்தின் அங்கீகாரக் கடிதத்தைப் பெற்று, ஜிஎஸ்டி தளத்தில் அவரையும் கையொப்பமிடும் உரிமை உள்ளவராகச் சேர்த்து, அவர் பெயரிலேயே ஒரு டோக்கன் வாங்கினோம். இனி ஜிஎஸ்டிஆர்-1ஐ நான் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் மாதமே தவறு நேர்ந்தது. ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட இரண்டு வாடிக்கையாளர்களில், ஒருவருடைய பில் மற்றவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏறிவிட்டது. இரண்டு எண்களும் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்குபவை என்பதால் கண்ணுக்கும் தப்பிவிட்டது. 14ஆம் தேதி, வாங்குபவருக்குரிய வரிக் கழிவுகளைக் காட்டும் 2பி அறிக்கை வந்ததும், எங்கள் பில்லுக்குத் தாம் கழித்துக்கொள்ள வேண்டிய வரி அதில் இல்லையென்று வாடிக்கையாளர் கொதித்துப்போய் அழைத்தார். வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள என் கை பரபரத்தது உண்மை. நிர்வாகத்திடம் பிழை என் பிரிவினுடையது என்று மட்டும் சொன்னேன். வாடிக்கையாளரிடம் உதவியாளரே பேசினார். அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல் அவரே திருத்தினார். பிறகு, நான் சொல்லாமலே, தாக்கலுக்கு முன் 15 இலக்க எண்களையெல்லாம் வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு எக்செல் தாளையும் தயாரித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை அது.

சென்ற மாதம் 11ஆம் தேதி தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தபடி இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். தாக்கல் முடிந்ததற்கான குறுஞ்செய்தி வந்திருந்தது. அலுவலகத்திலிருந்து அழைப்பு ஒன்றுகூட இல்லை. நிம்மதியோடு, லேசான வருத்தமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.