சொந்தமாக ஒரு விண்மீன் மண்டலம்

விண்வெளியில் பேரரசு வளர்க்கும் கணினி விளையாட்டான ஸ்டெல்லாரிஸ் தானாக உருவாக்கித் தரும் வரைபடத்தில் ஆடுவது ஒரு சுகம். நட்சத்திரங்களை நாமே ஒவ்வொன்றாக வைத்து மண்டலம் கட்டுவது வேறு சுகம். அதற்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு போதும். நட்சத்திரத்துக்கு ஓர் எண், எக்ஸ், ஒய் இடம், அப்புறம் எதிலிருந்து எதற்கு ஹைப்பர்லேன், அதாவது கப்பல்கள் போகும் பாதை, என்று ஒரு வரி.

எனக்கு இந்தப் பாதைகள்தான் உயிர். 2016-இல் விளையாட்டு வந்தபோது நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போக, பாதையே தேவைப்படாத வார்ப், துளை வழியே போகும் வார்ம்ஹோல், ஹைப்பர்லேன் என மூன்று வழிகள் இருந்தன. 2018-இல் வந்த 2.0 பதிப்பில், தொடக்கத்தில் எல்லோருக்கும் ஹைப்பர்லேன் மட்டுமே என்றானது. நல்ல முடிவு. ஒற்றைப் பாதை நுழையும் நட்சத்திரம் அன்றுதான் கோட்டைவாசல் ஆனது. அங்கே பலமான ஸ்டார்பேஸ் (விண்வெளித் தளம்) ஒன்று இருந்தால், பின்னால் இருப்பவை வெகுகாலம் நிம்மதியாக இருக்கும்.

பேரரசுகள் தொடங்கும் இடங்களைக் குறிக்கத்தான் நேரம் பிடிக்கிறது. நெருக்கி வைத்தால் வளர்வதற்குள் போர். தள்ளி வைத்தால் முதல் சந்திப்பே தாமதமாகிறது. இரண்டு தாயகங்களுக்கு நடுவே எட்டுத் தாவல் (ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) இருந்தால் சரி என்பது என் கணக்கு.

இப்போது கட்டுவதில் இரண்டு சுருள் கைகள், அவற்றை இணைக்க ஒரே ஒரு பாதை. அதன் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை எந்தப் பேரரசின் பக்கம் சாய்த்து வைப்பது? இரண்டு நாளாக அதே யோசனை.