செயினுக்குக் கொஞ்சம் ஆட்டம் விடணும்

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களுக்கு செயின் விஷயத்தில் ரெண்டு எதிரி, ஒன்று மழை, இன்னொன்று தோட்டத்து ரோடு. மே பிறந்தால் செப்டெம்பர் வரைக்கும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பெய்கிற மழையில் நேற்றுப் போட்ட ஒயில் இன்றைக்கு இருக்காது. அந்த ஈரத்தில் டிவிஷன் ரோட்டு மணலும் வந்து ஒட்டிக்கொண்டால், அம்மியில் வைத்து அரைக்கிற மாதிரி செயின் மூட்டுகளைக் கோர்க்கிற சின்ன இரும்பு பின்னை அது தேய்த்துக்கொண்டே இருக்கும். செயின் 'இழுபடுது' என்கிறோமே, இரும்பு ஒன்றும் ரப்பர் மாதிரி நீளவில்லை, ஒவ்வொரு மூட்டிலும் அந்தப் பின்னும் அதைச் சுற்றியிருக்கிற புஷ் என்ற குழாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அத்தனை மூட்டின் தேய்மானமும் சேர்ந்துதான் நமக்கு நீளமாகத் தெரிகிறது.

முன்பெல்லாம் செயின் இறுக்குகிற வேலையைக் கராஜில் கொடுத்துத்தான் செய்வேன். அங்கே எப்போதும் ஒரே பேச்சுதான்: "தம்பி, நல்லா இறுக்கி விட்டிருக்கேன், இனி ரெண்டு மாசத்துக்குத் தொட வேண்டாம்." தொட்டுப் பார்த்தால் செயின் கம்பி மாதிரி நிற்கும். வெறும் பைக்கில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஆளையும் ஏற்றி, ஒரு மூட்டை மரக்கறியும் கட்டிக்கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் குழியில் இறங்கும்போதுதான் என்ஜின் பக்கமிருந்து ஒரு முனகல் வரும். காரணம் இதுதான்: பாரம் ஏறி ஷொக் அப்சோர்பர் அமுங்கும்போது பின்சக்கரம் மேலே வரும், முன் ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடுகிற பல் சக்கரம்), பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆம் கையின் பொல்ட், பின்சக்கரத்தின் அச்சான அக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வருகிற இடத்தில் செயினுக்கு ஆகக் கூடுதலான நீளம் தேவைப்படும். ஆட்டம், அதாவது கொஞ்சம் தளர்வு, விடாத செயின் அந்த இடத்தில் கியர் பெட்டி பெயாரிங்கைத்தான் இழுக்கும். செயின் கொஞ்சம் லூசாக இருந்தால் சத்தம் போட்டாவது சொல்லிவிடும், அதிகமாக இறுக்கினது உள்ளே தின்றுகொண்டிருக்கும். அதனால்தான் நாலு ஸ்பானர் வாங்கி வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன்.

அதற்காக லூசாக விட்டாலும் மலையில் சரிப்படாது. இறக்கத்தில் நாம் கியரில் பிடித்துத்தானே வருகிறோம்? அப்போது செயினின் கீழ்ப் பக்கம் விறைக்கும், வளைவு முடிந்து திரும்ப எக்ஸிலேட்டர் கொடுத்தால் மேல் பக்கம் விறைக்கும், நடுவில் 'டக்'கென்று ஒரு வெட்டு. கொண்டை ஊசி வளைவில் அந்த வெட்டு விழுந்தால் பைக்கே ஒரு குலுக்குக் குலுக்கும்.

முதலில் கழுவுவது. மண்ணெண்ணெய்தான், பெட்ரோல் வேண்டாம். 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் லீட்டர் 2022 ஆகஸ்டில் ஒரே அடியாக 340 ஆனதிலிருந்து நான் ஊற்றிக் கழுவுவதில்லை, பழைய டூத் பிரஷில் தொட்டுத் தொட்டுத்தான் தேய்க்கிறேன், உண்மையில் அதுவே போதும். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்து கியரில் ஓடவிட்டுத் துணியால் துடைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விடும்.

இறுக்குவதற்கு முன்னால் செயினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின் ஸ்ப்ரொக்கட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறதென்றால் வேலை முடிந்தது. அளந்தே பார்க்கலாம்: சின்ன பைக்குகளில் அதிகம் வருகிற 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மில்லிமீட்டர். 20 இடைவெளிக்குப் புதுசில் 254, அது 259ஐத் தொட்டால் மாற்றத்தான் வேண்டும். தையல் டேப்பே போதும். மாற்றினால் ரெண்டு ஸ்ப்ரொக்கட்டையும் சேர்த்து மாற்றுங்கள், கொக்கி மாதிரி வளைந்த பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதையும் சீக்கிரமே தின்றுவிடும். செயினின் ரெண்டு நுனியையும் இணைக்கிற லொக் லிங்க் கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கணும்.

இனி ஆட்டம். எங்கள் பக்கம் சமதரை கிடைப்பதே பெரிய விஷயம், லயத்து வாசலில் சிமெந்து போட்ட இடத்தில்தான் பெரிய ஸ்டாண்டைப் போடுவேன். கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் தள்ளி ஸ்கேலில் பார்க்கணும். பெரும்பாலான சின்ன பைக்குக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர், உங்கள் மொடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு விடக்கூடாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு இடத்தில் 30 இருக்கும், இன்னொரு இடத்தில் 18 இருக்கும், ஏனென்றால் செயின் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. ஆக இறுக்கமான இடத்தில்தான் அளவு சரியாக இருக்கணும்.

அக்சில் நட்டையும் பிரேக் பிளேட்டைப் பிடிக்கிற கம்பியின் பொல்ட்டையும் லூசாக்கி, சக்கரத்தை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்துகிற ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் கால் சுற்றாக, சமமாகத் திருப்புங்கள். அட்ஜஸ்டர் பக்கத்தில் இருக்கிற அளவுக் கோடுகள் ரெண்டு பக்கமும் ஒத்து வரணும், ஆனால் கோட்டை மட்டும் நம்பாமல் பின்னாலிருந்து குனிந்து செயின் நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். அக்சிலை இறுக்கும்போது ஒரு துணிச்சுருளைச் செயினுக்கும் பின் பல்லுக்கும் நடுவில் கொடுத்து, கையை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மெல்ல உருட்டினால் அக்சில் முன்னுக்கு வந்து அட்ஜஸ்டரில் கெட்டியாக உட்காரும். இறுக்கின பிறகு துணியை எடுத்துவிட்டுத் திரும்ப அளக்கணும், நட் இறுகும்போது நாலைந்து மில்லிமீட்டர் மாறிவிடுவது சாதாரணம்.

ஒயில் ராத்திரியில் போடுவேன். 90 கியர் ஒயில், கீழ்ச் செயினின் உள்பக்கம், தகடுகளின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக. காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடணும், இல்லாவிட்டால் மணலை அதுவே கூப்பிட்டு ஒட்டவைக்கும். கராஜில் சும்மா கிடைக்கிற கறுப்பு ஒயில் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பார்கள், மழைக்காலத்தில் அந்தக் கணக்குக்குக் காத்திருக்க முடியாது.

பலர் மறக்கிறது பிரேக். பின் டிரம் பிரேக் என்றால் சக்கரம் பின்னுக்குப் போனதும் பிரேக் கம்பி தானாகவே இறுகிவிடும், பெடலில் ஆட்டம் இருக்காது, அப்படியே நுவரெலியாவுக்கு ஏறினால் டிரம் சூடாகிவிடும். கம்பி நுனியிலுள்ள நட்டைத் தளர்த்திப் பெடலுக்கும் அதன் ஆட்டத்தைக் கொடுங்கள், கையால் சுற்றினால் சக்கரம் தடையில்லாமல் சுற்றணும், பெடலை மிதித்ததும் பின் லைட் எரியணும்.