ஒரே வவுச்சர் புத்தகம்

நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் எட்டு வருஷம் கணக்குப் பார்த்தேன். மாத முடிவில் இரண்டு பேர் ஒரே வவுச்சர் புத்தகத்தில் கையெழுத்து வைப்பார்கள். ஒருவர் புறாமலைத் தீவுக்கு விருந்தினரைப் படகில் கொண்டுபோகும் அண்ணை. மற்றவர் படுக்கை விரிப்பு துவைக்கும் அக்கா. இரண்டு பெயருக்கும் நேரே ‘ஒப்பந்தக் கொடுப்பனவு’ என்று எழுதியது என் கைதான்.

அண்ணையின் படகும் எஞ்சினும் அவருடையவை. எண்ணெய்ச் செலவும் அவர் தலையில். உப்புவெளி ஹோட்டல்காரரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் வருவார். காய்ச்சலென்றால் மருமகனை அனுப்புவார். மாரியில் கடல் கொந்தளித்தால் ஓட்டமில்லை, காசுமில்லை. சீசனில் நல்ல லாபமும் பார்ப்பார். அது அவருடைய சொந்தத் தொழில்.

அக்காவுக்கு உருப்படிக் கணக்கு. அதனால் அவவும் ‘கொன்ட்ராக்ட்’ என்றார் முகாமையாளர். நானும் நம்பினேன். மெஷின் ஹோட்டலுடையது, சோப்புத்தூளும் ஹோட்டலுடையது. காலை ஏழு மணிக்கு வாசல் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கறை போகாத விரிப்பு திரும்பி வரும், மறுபடி துவைக்க வேண்டும். இதெல்லாம் தினமும் என் கண் முன்னே நடந்தது.

ஒருநாள் இஸ்திரி ரோலரில் அவவின் வலது கை அகப்பட்டு மூன்று விரல்கள் வெந்துபோயின. மூன்று கிழமை வேலையில்லை. “கொன்ட்ராக்ட் ஆளுக்கு லீவுச் சம்பளம் எங்கே?” என்றார்கள். அந்த மாத வவுச்சரில் இடக்கையால் கோணலாக வைத்த கையெழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலை தொழில் அலுவலகத்துக்குப் போனேன். ஆறு வருஷம் பிந்திவிட்டேன்.

அங்கிருந்த உத்தியோகத்தர் வவுச்சரைப் புரட்டிவிட்டு ஒருபக்கம் வைத்தார். அக்காவிடம்தான் கேட்டார்.

“உங்களுக்கு வர ஏலாட்டி வேற ஆளை அனுப்பலாமா?”

“எப்படி ஐயா? நான் அரை மணித்தியாலம் பிந்தினாலே சம்பளத்தில வெட்டுவாங்க.”

‘சம்பளம்’ என்றுதான் அவ சொன்னா.

உருப்படிக்குக் கூலி வாங்கினாலும் ஊழியர் ஊழியர்தான் என்று அவர் விளக்கினார். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஓய்வுகாலச் சேமிப்பாக, ஊழியரின் சம்பளத்தில் 12 வீதத்துக்குச் சமமான காசை முதலாளியும், 8 வீதத்தை ஊழியரும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் நிறைந்தால், விலகும்போது பணிக்கொடையும் உண்டு. காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டேன். மாதச் சம்பளம் சராசரி 30,000 ரூபாய் என்று வைத்தால், முதலாளியின் பங்கு மட்டும், 12உம் 3உம் சேர்த்து 15 வீதம், மாதம் 4,500. எழுபத்திரண்டு மாதத்துக்கு 324,000 ரூபாய். வவுச்சரில் நான் எழுதிய இரண்டு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு காசு மறைந்து கிடந்தது. எனக்கு நித்திரை வரவில்லை.

விசாரணை பத்து மாதம் இழுபட்டது. நிலுவையைத் தவணையாகக் கட்ட ஹோட்டல் சம்மதித்தது. சேமலாப நிதி அங்கத்துவ அட்டையை நான்தான் அக்காவிடம் கொடுத்தேன்.

“தம்பி, இந்த எட்டு என்ர காசு. பன்னிரண்டு ஆர்ர?”

“முதலாளி போடுறது, அக்கா. அதுவும் உங்கட காசுதான்.”

இப்போது வேறு இடத்தில் வேலை. ஒப்பந்தம் என்று யாருடைய பெயராவது மேசைக்கு வந்தால் பேனாவை எடுக்குமுன் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்: நீங்க வராட்டி வேற ஆளை அனுப்பலாமா?