'திக்' படுத்திய பாடு

சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் தோழி ஒருத்திக்கு வாராவாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று முழு வகுப்பும் 'திக்' (thick) என்ற ஒரே சொல்லில் போய்விட்டது.

புத்தகம் திக், கயிறு திக், சூப் திக், காடும் திக். ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அவள் மொழியில் புத்தகத்துக்கு 'ஹோவ்', கயிற்றுக்கு 'ட்சூ', சூப்புக்கும் மூடுபனிக்கும் 'நோங்', காட்டுக்கு 'மி'. நோட்டில் நாலு கட்டம் போட்டு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது: நம்மிடமும் அப்படித்தானே! அட்டை தடிமன், குழம்பு கெட்டி, காடு அடர்த்தி. பள்ளியில் இந்தச் சொல்லை நான் எப்படிக் கற்றேன் என்பதே மறந்துவிட்டிருந்தது. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதே, திக் சூப், திக் ஃபாக் என்று ஜோடியாகவே படி என்றேன். அதுதான் சரியான வழி என்று நம்புகிறேன்.

அப்புறம் வந்தது 'திக் ஸ்கின்'. யார் என்ன சொன்னாலும் கலங்காதவரை ஆங்கிலத்தில் தடித்த தோல் உள்ளவர் என்பார்கள். பல நேரம் அது பாராட்டு. சீனத்தில் 'லியன்பி ஹோவ்', அதாவது முகத்தோல் தடித்தது என்றால், வெட்கங்கெட்டவர் என்று அர்த்தம். வேலையிடத்தில் ஒருவர் இவளிடம் நல்லெண்ணத்தோடு, "உனக்குத் திக் ஸ்கின்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம், பாவம்.

விளக்கியதும் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். உள்ளே தோல் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்தாள்.