அளவு நாடாவோடு வீடு பார்த்த கதை

இந்த நாட்டில் முதல் வீடு வாங்கும்போது எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை அறை? இரண்டு பிள்ளைகள், வந்துபோகும் சொந்தம், என்றாவது வந்து நிற்கப்போகும் அம்மா. நாலு அறையும் மாடியில் இருந்தன, கழிப்பறையும் அங்கேதான். அது ஒரு குறையாகவே படவில்லை.

22 வருடம் கழித்து என் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு கிழமை வரவேற்பறையில் கட்டில் போட்டுப் படுத்தேன். இவர் வாளியும் கையுமாக ஏறி இறங்கினார். வெட்கம் பார்த்து என்ன செய்வது?

ஓய்வுக்கால வீடு என்ற பேச்சு அந்தக் கட்டிலில்தான் தொடங்கியது. "எங்களுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கோ அம்மா" என்றாள் மூத்தவள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு வருடத்தில் வேலைக்காக மூன்று நகரம் மாறியவள் அவள். பெற்றவர்களை விட்டுவிட்டு நாடே மாறி வந்த நாங்கள், பிள்ளை ஓரிடத்தில் நிற்பாள் என்று நம்பி வீடு வாங்கலாமா?

முகவர் சமையலறையின் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருப்பார், நாங்கள் குளியலறைக் கதவை அளந்துகொண்டிருப்போம். சக்கர நாற்காலி நுழையக் கிட்டத்தட்ட 80 செ.மீ. வேண்டும், உள்ளே திரும்ப 150 செ.மீ. அகல வட்டம் வேண்டும். பல வீடுகளில் கதவே 70 செ.மீ.தான். அது உள்பக்கம் திறந்தால் இன்னும் மோசம்: உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். கைப்பிடி பொருத்தலாம் என்பார்கள். வெறும் ஜிப்சம் பலகையில் பொருத்தினால் ஆள் பாரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்னால் மரச்சட்டம் வேண்டும்.

எனக்குப் பிடித்த ஒரு வீட்டின் வாசலில் நாலு படி. "சாய்தளம் போட்டால் போச்சு" என்றார் முகவர். இவர் கணக்குப் போட்டார். படிக்கு 15 செ.மீ., மொத்தம் 60. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது வழக்கமான சரிவு. அப்படியென்றால் 7 மீட்டருக்கு மேல் வேண்டும். முன்முற்றம் ஐந்து மீட்டர்கூட இல்லை.

அடுக்குமாடியும் பார்த்தோம். ஒரே ஒரு லிஃப்ட் உள்ள கட்டடம் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக் கடன் தீர்ந்த பிறகும் நிற்காது என்பதையும் குறித்துக்கொண்டோம்.

சண்டை வந்தது காரால். நகருக்கு வெளியே அமைதியான இடம் இவருக்குப் பிடித்துவிட்டது. "நான் ஓடுவன்தானே?" இரவில் எதிரே வரும் வெளிச்சத்துக்குக் கண் கூசுகிற மனிதர்! ஒரு நாள் கார்ச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து வைத்தியரிடம் போய்வந்து பார்த்தோம். இரண்டு பஸ், நடுவில் நாற்பது நிமிடக் காத்திருப்பு, உட்கார ஒரு வாங்குகூட இல்லை. திரும்பி வரும்போது இவர் ஒன்றும் கதைக்கவில்லை.

என் பட்டியலில் இன்னொன்று இருந்தது, முகவரிடம் சொல்ல முடியாதது. தெரிந்த அக்கா ஒருவருக்கு மறதி நோய். பிறகு படித்த மொழிதான் முதலில் போனது. இப்போது தமிழ் மட்டும். பராமரிப்பவர்கள் அவர் ஏதோ பிதற்றுவதாக நினைக்கிறார்கள். அவர் கேட்பது தண்ணீர். அதனால் நடக்கிற தூரத்தில் தமிழ் கதைக்கிற ஒரு வீடாவது வேண்டும் என்றேன்.

"தமிழாக்கள் இல்லாத இடம் தேடித்தானே அப்ப அலைஞ்சனீர்?" என்று இவர் சிரித்தார். உண்மைதான். ஊர்வாய்க்குப் பயந்த காலம் அது.

கடைசியில் வாங்கியது ஒரே தளமுள்ள சின்ன வீடு. இரண்டு அறை, வாசலில் ஒரு படி. அதற்கு இரண்டு மீட்டர்ச் சாய்தளம் போதும், இடமும் அளந்தாயிற்று.

"எல்லாரும் வந்தால் எங்கே படுக்கிறது?" என்று கேட்டான் சின்னவன்.

வரவேற்பறையில் என்றேன். நான் ஆறு கிழமை படுத்தவள்தானே.