பொய் வானம் கட்டிய அனுபவம்

சிலியில் செரோ பச்சோன் மலைமேல் இருக்கும் ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி, 10 ஆண்டுகளில் பல நூறு கோடி விண்மீன் திரள்களைப் படம்பிடிக்கப் போகிறது. அத்தனைக்கும் நிறமாலை எடுத்துச் செம்பெயர்ச்சியை (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; தொலைவைச் சொல்லும் எண்) அளப்பது நடக்காத காரியம். யு, ஜி, ஆர், ஐ, இஸட், ஒய் என்ற ஆறு வடிகட்டிகளில் பதியும் ஒளியை வைத்துத்தான் தொலைவைக் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு எவ்வளவு தவறும் என்பதை முன்கூட்டியே அறிய, விடை தெரிந்த ஒரு போலிப் பட்டியலை உருவாக்கினேன்.

செய்முறை எளிதுதான். எவ்வளவு ஒளிரும் திரள்கள் எத்தனை என்று சொல்லும் ஒளிர்வுப் பரவலிலிருந்து திரள்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பெயர்ச்சியும் மாதிரி நிறமாலையும் தர வேண்டும். தூசியால் சிவக்க வைத்து, அலைநீளத்தை நீட்டி, வடிகட்டிகள் வழியே செலுத்தி, கடைசியில் இரைச்சலைச் சேர்க்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே பிழை (1 + செம்பெயர்ச்சி)யில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது: பட்டியலை உருவாக்கிய அதே மாதிரி நிறமாலைகளைத்தான் கணிக்கும் நிரலுக்கும் கொடுத்திருந்தேன். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்து நீட்டியதற்குச் சமம். வயது, உலோகச் செறிவு, உமிழ்வுக் கோடுகள் எல்லாம் திரளுக்குத் திரள் மாறும்படி பட்டியலை மறுபடி உருவாக்கினேன். கணிப்பு நிரலுக்குப் பழைய மாதிரிகளையே விட்டுவைத்தேன். பிழை கூடியது. எனக்கு வேண்டியிருந்தது அந்த உண்மையான எண்தான்.

அடுத்த சிக்கலைக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆயின. செம்பெயர்ச்சி 3-க்கு மேலே திரள்கள் மிகவும் குறைவாக இருந்தன. மங்கலான திரளில் இரைச்சலால் பாய மதிப்பு (வந்துசேரும் ஒளியின் அளவு) சில நேரம் எதிர்மறையாகிவிடும். எதிர்மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது, அதனால் ஒளிப்பொலிவெண் (பொலிவை மடக்கையில் சொல்லும் எண்) கணக்கிட முடியாமல் நிரல் அந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொலைவில் 912 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குக் கீழுள்ள ஒளியை ஹைட்ரஜன் விழுங்கிவிடும். அந்த வெட்டு நீண்டு வந்து விழுவது யு வடிகட்டியில். ஆக, யு-வில் ஒளி இல்லை என்பதே அந்தத் திரள்களின் தொலைவைச் சொல்லும் தடயம். அந்தத் தடயம் இருந்த வரிசைகளைத்தான் இழந்துகொண்டிருந்தேன்! அன்றோடு ஒளிப்பொலிவெண்ணை விட்டுவிட்டுப் பாயத்திலேயே எல்லாக் கணக்கையும் செய்யத் தொடங்கினேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

உண்மைச் செம்பெயர்ச்சிக்கு எதிரே கணித்த செம்பெயர்ச்சியைப் போட்ட வரைபடத்தில், இரண்டும் சமமாகும் மூலைக்கோட்டை விட்டு விலகி, தவறாகக் கணித்த திரள்களின் ஒரு தீவு மட்டும் மிஞ்சியது. செம்பெயர்ச்சி 3-இல் இருக்கும் திரளின் லைமன்-ஆல்ஃபா சரிவு (வழியிலுள்ள ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் வரும் இறக்கம்) 4864 ஆங்ஸ்ட்ராமில் விழும். செம்பெயர்ச்சி 0.22-இல் இருக்கும் முதிய திரளின் 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவும் (பழைய விண்மீன்களின் ஒளி அந்த அலைநீளத்துக்குக் கீழே சட்டெனக் குறைவது) ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. இரைச்சல் கூடினால் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். பொலிவைப் பொறுத்து எந்தத் தொலைவு எவ்வளவு சாத்தியம் என்ற முன்நிகழ்தகவைச் சேர்த்ததும் தீவு சுருங்கியது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி தரும் ஒய், ஜே, எச் அகச்சிவப்புப் பட்டைகளையும் போலியாக உருவாக்கிச் சேர்த்தபோது இன்னும் சுருங்கியது, செம்பெயர்ச்சி 1.5-ஐத் தாண்டினால் 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவு ரூபினின் பட்டைகளை விட்டே வெளியேறிவிடுவதால், அந்தப் பகுதியிலும் கணிப்பு நன்றாக இறுகியது.

தீவு முழுதாக மறையவில்லை. அதில் விழக்கூடிய திரள்களுக்கு ஒரே தொலைவைத் தராமல், இரண்டு முகடுள்ள நிகழ்தகவுப் பரவலை அப்படியே பட்டியலில் வைத்திருக்கிறேன்.