தகுதிச் சோதனைக்குக் காரைத் தயார் செய்ய ஒரு மாதம் முன்னாடியே ஆரம்பியுங்கள்

வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குத் தேதி வந்ததும் பலர் முதலில் செய்வது வாட்டர் வாஷ். செய்யட்டும், அடியில் சேறு அப்பிக் கிடந்தால் சோதிப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவர் வந்து பெயின்ட்டைப் பார்க்கப் போவதில்லை. வண்டி ஒழுங்காக நிற்கிறதா, நேராகப் போகிறதா, இருட்டில் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிறதா, புகை அளவோடு வருகிறதா என்றுதான் பார்ப்பார். இதில் பாதிக்கு மேல் வீட்டு வாசலில் நாமே பார்த்துவிடக்கூடியது, ஒரு டார்ச்சும் துணைக்கு ஒரு ஆளும் போதும். ஒரே நிபந்தனை, ஒரு மாதம் முன்னாடி பார்க்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி பார்த்தால் கோளாறு தெரியவரும், சரிசெய்ய நேரம் இருக்காது.

முதலில் போன வருஷச் சோதனைத் தாளைத் தேடி எடுங்கள். பல இடங்களில் பாஸ் போட்டாலும் கூடவே "இது தேய்ந்து வருகிறது, கவனிக்கவும்" என்று எழுதித் தருவார்கள், நாம் பாஸ் என்ற வார்த்தையோடு படிப்பதை நிறுத்திவிடுவோம். போன வருஷம் தேய்ந்துகொண்டிருந்த பிரேக் பேட் இந்த வருஷம் தானாக வளர்ந்திருக்காது.

அப்புறம் டயர். என்னைக் கேட்டால் கையில் இருக்கும் பணத்தை முதலில் இங்கேதான் போட வேண்டும், ஏனென்றால் ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் வரிகள், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதுதான் நிறைய நாடுகளில் விதி. அளக்கக் கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை, காடிகளுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் வைத்தே டயரைச் செய்கிறார்கள், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, முன் டயரின் உள் ஓரத்தில் டார்ச் அடியுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே மொட்டையாகிப் போன டயர்கள் ஏராளம், அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருந்தால் அப்படித்தான் தேயும், அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே கதிதான். பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றியே ஆக வேண்டும்.

லைட்டுக்கு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, இன்னொருவர் வண்டியைச் சுற்றி வர வேண்டும். எல்லோரும் மறக்கும் விளக்கு நம்பர் பிளேட் விளக்குதான். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும். ஹெட்லைட் மங்கி மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் போட்டால் தெளியும், ஆனால் வெயிலைத் தடுக்கும் பூச்சையும் மேலே போட வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். டிக்கியில் பாரம் இருந்தால் வண்டியின் மூக்கு தூக்கி, வெளிச்சமும் மேலே போய்விடும். சோதனைக்குப் போகும்போது டிக்கியைக் காலி செய்துவிட்டே போங்கள்.

பிரேக்கை உருளைகள் மேல் நிறுத்தித்தான் பல இடங்களில் அளக்கிறார்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக. மொத்தமாக வண்டி நின்றுவிடுகிறது என்பது மட்டும் போதாது, இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பிடிக்க வேண்டும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தச் சோதனை வரைக்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155 தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் வந்து பெடல் தரையோடு போய்விடும். அதை எந்தச் சோதனை மையமும் நமக்காகக் கண்டுபிடித்துத் தராமல் போகலாம், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் செக் லைட் எரிகிறது, என்ன செய்வது? சோதனைக்கு முந்தின நாள் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, லைட் போய்விடும் என்று யோசனை சொல்லும் ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் கோளாறுக் குறியீட்டோடு சேர்ந்து, புகைக் கட்டுப்பாட்டு பாகங்களைக் கார் தானே சோதித்து முடித்த பதிவும் அழிந்துவிடும். பல விதமாக ஓட்டினால்தான் அது திரும்ப முழுமையாகும், கருவியைச் செருகிப் பார்க்கும் இடத்தில் "இன்னும் தயாரில்லை" என்று வந்து நிற்கும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் விளக்குகளையும் பாருங்கள்: சாவி திருப்பியதும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான்.

புகைச் சோதனைக்கு வண்டி நன்றாகச் சூடாகிப் போக வேண்டும். பெட்ரோல் காரில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூட்டில்தான் வேலையே செய்யும். பக்கத்துத் தெருவில்தான் மையம் என்றாலும் ஒரு இருபது நிமிஷம் சுற்றி ஓட்டிவிட்டுப் போங்கள், நிறுத்தியே வைத்திருந்ததில் டிஸ்க்கில் படிந்த லேசான துருவும் அந்த ஓட்டத்தில் தேய்ந்து போகும்.

வைப்பர், அதற்குத் தண்ணீர், ஹார்ன், முன் கண்ணாடியில் கீறல் விரிசல், இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. சீட் பெல்ட்டை மட்டும் முழுக்க இழுத்துப் பாருங்கள், பின் சீட்டில் இருப்பதையும் சேர்த்து. பிசிறடித்த இடம் எப்போதும் உள்ளே சுருண்டுதான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபெயில் ஆனால் கோபப்படாமல், முடிந்தால் கோளாறு இருக்கும் இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், மறுசோதனைக்கு எத்தனை நாள் கெடு என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் அந்தத் தாளையே கொடுங்கள்.